தேங்காய்ப்பட்டணமும் ஒரு பழைய கால்வாயும்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரை

முன்னுரை

சக்கரம் உருளத் தொடங்குமுன்பே தோணி மிதக்கத் தொடங்கிவிட்டது என்பர் அறிஞர். மனிதன் கண்ட முதல் நெடுஞ்சாலை ஆறுதான். ஆறு போகாத இடத்துக்கும் தோணி போக வேண்டும் என்று அவன் எண்ணியபோது கால்வாய் பிறந்தது. ஆனால் ‘கால்வாய்’ என்றவுடன் திருவேங்கடம் வட்டாரத்துப் பிள்ளைகளாகிய நம் மனத்தில் எழுவது பயிருக்குப் பாயும் வாய்க்கால் ஒன்றே. நமது பூமி கரிசல் பூமி. மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் சோளமும் விளைவிக்கும் மண். ஓடைகளில் மாரிக்காலத்தில் சில நாள் நீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல்தான். நீரில் ஏறி ஊர்போய்ச் சேரலாம் என்பது நமக்குக் கதைபோலத் தோன்றும்.

அக்கதையை மெய்யாகக் காணும் வாய்ப்பு சென்ற தை மாதம் எங்கள் துறை மேற்கொண்ட கல்விச் சுற்றுலாவில் கிடைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையை ஒட்டி, ஆறும் கடலும் கால்வாயும் கூடும் இடத்தில் அமைந்த தேங்காய்ப்பட்டணம் என்னும் சிறு துறையையும், அதன் இருபுறமும் செல்லும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயையும் கண்டோம். கண்டதையும், ஆசிரியர் விளக்கக் கேட்டதையும், பின்னர் நூலகத்தில் படித்தறிந்ததையும் தொகுத்து இக்கட்டுரையில் தருகிறேன்.

ஒரு பெயர் கொண்ட இரண்டு ஆறுகள்

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் நிலம் உடைமாற்றிக் கொள்கிறது. பனை பின்தங்கித் தென்னை முன்வருகிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகச் சென்று, புதுக்கடையைத் தாண்டிக் கடற்கரையை நோக்கி இறங்கினால் தேங்காய்ப்பட்டணம் வருகிறது. பெயருக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தென்னையே.

இங்கே கடலில் கலக்கும் ஆற்றின் பெயரும் தாமிரபரணியே. நெல்லையில் நாம் அறிந்த பொருநை வேறு, இது வேறு. குழித்துறை வழியாக வருவதால் குழித்துறையாறு என்றும் சொல்லுவர். கோதையாறும் பரளியாறும் திருவட்டாற்றுக்கு அருகில் மூவாற்றுமுகம் என்னும் இடத்தில் கூடி இவ்வாறாகின்றன. இரண்டு தாமிரபரணிகளும் ஒரே மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. ஒன்று கிழக்கே சென்று புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மற்றொன்று மேற்கே இறங்கி அரபிக்கடலில் கலக்கிறது.

கிழக்குத் தாமிரபரணியின் வாயில் கொற்கை இருந்தது. பாண்டியரின் முத்துத்துறையாகிய அக்கொற்கை, ஆறு கொண்டுவந்த வண்டலால் தூர்ந்து, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக நிற்கிறது. அதன்பின் சிறந்த காயல் துறைக்கும் அதே கதிதான். ஆற்றுத் துறைமுகத்துக்கு ஆறே தாயும் கூற்றுவனும் ஆகும் என்பதைக் கொற்கை நமக்குக் கற்பிக்கிறது. மேற்குத் தாமிரபரணியின் வாயிலும் அதே பாடம் வேறு எழுத்தில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன்.

கால்வாய் பிறந்த வரலாறு

இப்பகுதி 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூரோடும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். சிறு மரக்கலங்கள் கடலில் இறங்க இயலாது. கரைவழியே போவதென்றால் சில மைல்களுக்கு ஓர் ஆறு குறுக்கிடும். எனவே கடலுக்கு இணையாகக் கரைக்குள்ளேயே ஒரு நீர்வழி வேண்டும் என்று மன்னர்கள் எண்ணினர். இயற்கை ஏற்கெனவே காயல்களைத் தந்திருந்தது. காயலுக்கும் காயலுக்கும் இடையில் உள்ள மண்ணை வெட்டினால் போதும். பார்வதிபாய் ஆட்சிக் காலத்தில் திருவனந்தபுரத்துக்கு வடக்கே வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு இவ்வகையில் எழுந்ததே. பிற்காலத்தில் வர்க்கலையில் குன்றைக் குடைந்து தோணி போகச் சுரங்கமே அமைத்தார்கள்.

அவ்வழியைத் தெற்கே கன்னியாகுமரி வரை நீட்டும் திட்டமே நாங்கள் கண்ட கால்வாய். உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் காலத்தில், 1860இல், இப்பணி தொடங்கிற்று. உலகின் மறுபக்கத்தில் சூயஸ் கால்வாயை வெட்டத் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. சூயஸ் 1869இல் திறக்கப்பட்டு இரு கடல்களை இணைத்தது. நமது கால்வாயோ நெய்யாறு கடலில் சேரும் பூவாற்றிலிருந்து இரையுமன்துறை வரையும், ஆற்றின் இப்பால் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து குளச்சல் பக்கமாகவும் வெட்டப்பட்டு, குமரிமுனையை எட்டாமலே நின்றுவிட்டது.

கால்வாயின் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அனந்தன் என்பது திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்ட பெருமாளைக் குறிக்கும். விக்டோரியா இங்கிலாந்தின் அரசி. கம்பெனி ஆட்சி நீங்கி 1858இல் இந்தியா அவ்வம்மையாரின் நேராட்சிக்கு வந்தது. மார்த்தாண்டன் நாட்டு மன்னன். ஆக ஒரு தெய்வம், ஒரு பேரரசி, ஓர் அரசன் ஆகிய மூவர் பெயரும் இந்நீருக்குச் சூட்டப்பட்டன. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரும் கூடை சுமந்தவர்களின் பெயரும் அதில் இல்லை. வரலாறு படிக்கும் மாணவர் நெஞ்சில் இவ்வினா எழாமல் இராது.

துறையின் தோற்றம்

தேங்காய்ப்பட்டணத்தின் அழகைச் சொல்லப் பெரிய சொற்கள் தேவையில்லை. ஆறு அகன்று அசைவற்று நிற்கிறது. அதன்மேல் தென்னையின் நிழல் தலைகீழாகத் தொங்குகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே ஒரு மணல்திட்டு. திட்டின் இப்பக்கம் குளம்போல் அமைதி. அப்பக்கம் இடைவிடாத அலையோசை. அக்கரையில் இரையுமன்துறையின் வீடுகளும் தேவாலயமும் தெரிகின்றன. இக்கரையில் கருங்கல்லால் அமைந்த பழைய பள்ளிவாசல் இருக்கிறது. இசுலாத்தை இக்கடற்கரைக்குக் கொண்டுவந்த மாலிக் இப்னு தீனார் வழிவந்தோரோடு அதனைச் சேர்த்துச் சொல்வது ஊரார் மரபு. அரபு வணிகர் வந்து போன துறை இது என்பதும் அவர்கள் நினைவில் நிற்கிறது.

துறையிலிருந்து சற்று உள்ளே முஞ்சிறையும் பார்த்திவபுரமும் உள்ளன. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் முஞ்சிறைச் சபையாரிடம் நிலமாற்றம் செய்து இடம் பெற்றுப் பார்த்திவபுரத்துத் திருமால் கோயிலை எழுப்பினான்; காந்தளூர்ச் சாலையைப் போல 95 மாணாக்கர் தங்கிப் பயிலும் சாலை ஒன்றையும் அங்கு நிறுவினான் என்று செப்பேடு கூறுகிறது. பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் விடுதியோடு கூடிய கல்லூரி ஒன்று இத்துறையின் அருகே நடந்தது என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா?

தமிழ் நாவல் படிப்போருக்கு இவ்வூர் வேறொரு வகையிலும் உறவாகும். தோப்பில் முகமது மீரான் 1944இல் பிறந்தது இவ்வூரில்தான். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. மலையாளம் வழியே பள்ளிக்கல்வி கற்ற அவர் தமிழில் இத்தகைய புகழ் எய்தினார். நெல்லையில் வற்றல் மிளகாய் வணிகம் செய்து வாழ்ந்து 2019இல் மறைந்தார். மிளகாய் விளைவிக்கும் நம் வட்டாரத்தார்க்கு அவர் வெறும் எழுத்தாளர் மட்டுமல்லர் என்று ஆசிரியர் சொன்னபோது அனைவரும் நகைத்தோம். ஆயினும் அச்சொல்லில் உண்மை உண்டு. கரிசல் மண்ணின் மிளகாய்க்கும் கடற்கரையின் எழுத்துக்கும் இடையே வணிகம் என்னும் பாலம் இருந்தது.

தோணியும் கயிறும்

கால்வாய்க் கரையில் ஒரு முதியவரைச் சந்தித்தோம். இளமையில் வள்ளம் ஊன்றியவர். “ஐயா, இந்தக் கால்வாயில் முன்பு என்னென்ன ஏற்றிச் சென்றீர்கள்?” என்று கேட்டேன்.

“என்னதான் ஏத்தல மக்களே! தேங்கா உண்டு, கதம்பை உண்டு, ஓடு உண்டு, கருவாடு உண்டு. கல்யாண வீட்டு ஆளுகளும் இதுலதான் போவும். ரெண்டு பேரு கோல் ஊனுனா ஒரு வண்டிச் சுமையும் நோவாம வந்து சேரும். இப்பம் பாரு, ஒரு வாத்து நீந்ததுக்கும் வழியில்ல.”

அவர் சொன்னதில் ஓர் இயற்பியல் பாடம் அடங்கியுள்ளது. தரையில் வண்டி இழுக்கும் மாடு சக்கரத்தின் உராய்வை வெல்ல வேண்டும். மேட்டில் சுமையைத் தூக்கவும் வேண்டும். அசையாத நீரில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. மெதுவாகச் சென்றால் நீரின் தடையும் மிகக் குறைவு. அதனால்தான் இருவர் கைவலியால் ஒரு வண்டிச் சுமை நகர்ந்தது. இக்கால்வாய் கடல்மட்டத்தை ஒட்டியது. கடலின் ஏற்றவற்றம் ஆற்றுவாய் வழியே உள்ளே வந்து நீரை உயர்த்தும், பிறகு தாழ்த்தும். நீரோட்டம் பார்த்துப் புறப்படுகிறவனுக்கு உழைப்பு பாதியாகும்.

கதம்பை என்பது இவ்வட்டாரத்தில் தேங்காய் மட்டைக்கு வழங்கும் பெயர். கயிறு பிறப்பது அதிலிருந்துதான். மட்டைகளை உப்புக் கலந்த காயல் நீரில் மாதக்கணக்கில் அமிழ்த்தி வைப்பர். நாரையும் சோற்றையும் ஒட்டவைக்கும் பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். அப்போது எழும் நாற்றம் கடுமையானது. அழுகிய மட்டையைப் பெண்கள் எடுத்து மரத்தடியால் அடித்து நாரைப் பிரிப்பர். உலர்த்தி ராட்டில் திரிப்பர். கயிறு திரித்துக் கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ரேகை இல்லை. காய்ப்பு மட்டுமே இருந்தது.

நம் ஊர்க் கமலைக் கிணறுகளில் மாடு இழுத்த வடமும் தேங்காய் நாரில் திரித்ததே. அக்கயிறு மேற்கேயிருந்து வரும் என்று என் பாட்டனார் சொல்லுவார். கரிசல் கிணற்றில் நீர் இறைத்த கயிற்றின் மறுமுனையை இவ்வம்மையார் போன்றோர் பிடித்திருந்தனர் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பொழி என்னும் வாயில்

ஆறு கடலில் விழும் இடத்தை இங்கே ‘பொழி’ என்கின்றனர். அலை கரையோரமாக மணலை நகர்த்திக் கொண்டுவந்து வாயில் குவிக்கும். மழைக்காலத்து ஆற்றுவெள்ளம் அதை அறுத்துத் தள்ளும். அலையும் வெள்ளமும் ஆண்டுதோறும் நடத்தும் இப்போரில் யார் வெல்லுகிறார் என்பதைப் பொறுத்தே துறையின் வாழ்வு அமையும். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. வயல்களுக்கு அதனால் பெரும் நன்மை விளைந்தது. ஆனால் தேக்கிய நீர் வயலுக்குப் போனால், ஆற்றுவாயை அறுக்கும் வெள்ளத்தின் வலு குறைவதும் இயல்பே. மலையில் ஒரு கல் வைத்தால் கடலில் ஒரு மணல் கூடும் என்று ஆசிரியர் இதனைச் சுருங்கச் சொன்னார்.

இன்று ஆற்றுவாயில் அலைத்தடுப்புச் சுவர்களோடு கூடிய மீன்பிடித் துறைமுகம் எழுந்துள்ளது. இயந்திரப் படகுகள் நிற்கின்றன. எனினும் மணலின் குணம் மாறவில்லை. வாயிலில் மணல் மேடிட்டு, அலை மறிந்து, படகுகள் கவிழ்ந்து, மீனவர் பலர் உயிர் இழந்துள்ளனர். ஆழ்கடலைத் துணிந்து வெல்லும் இம்மக்கள் வீட்டு வாசலில் மடிய நேர்வது பெருந்துயரம். பழைய ‘பொழி’ என்ற சொல்லின் பொருளை இன்றைய பொறியியல் இன்னும் முழுமையாகக் கற்று முடிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே

இரையுமன்துறை முதல் நீரோடி வரை உள்ள தூத்தூர் வட்டாரத்து மீனவர் ஊர்கள் ஓர் ஒடுங்கிய மணற்பட்டையில் அமைந்தவை. முன்னே கடல், பின்னே இக்கால்வாய். சுறா வேட்டைக்கு நெடுந்தூரம் செல்லும் ஆழ்கடல் மீனவர்கள் இவர்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் இவ்வூர்கள் பல குடும்பத் தலைவர்களை இழந்தன.

கிழக்கே குளச்சலை அடுத்த கொட்டில்பாட்டில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது மக்கள் கடலுக்கு முதுகு காட்டி ஓடினர். ஓடிய வழியில் கால்வாய் குறுக்கே கிடந்தது. பின்னே வந்த அலை பலரைக் கால்வாய்க்குள் தள்ளிற்று. குழந்தைகளும் பெண்களும் நீரிலும் சேற்றிலும் சிக்கி மாண்டனர்.

இதே நாளில் வங்கக்கடல் ஓரத்தில் வேறொரு கால்வாய் வேறொரு பணி செய்தது. 1806இல் காக்ரேன் கால்வாய் என்று தொடங்கி, 1877-78 பஞ்ச நிவாரண வேலையால் விரிவடைந்து, பக்கிங்காம் கோமகனின் பெயர் பெற்ற பக்கிங்காம் கால்வாயே அது. கரைக்கு இணையாகக் கிடந்த அக்கால்வாய் பேரலையின் நீரைத் தன்னுள் வாங்கி, உட்புறத்து ஊர்களுக்குக் காவலாயிற்று என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர்.

ஒரே வகையான இரண்டு கால்வாய்கள். ஒன்று காத்தது, ஒன்று கொன்றது என்று சொல்லலாமா? எண்ணிப் பார்த்தால் கால்வாயில் குற்றமில்லை என்பது விளங்கும். கால்வாய்க்கு அப்பால் வாழ்பவனுக்கு அது அகழி. இப்பால் வாழ்பவனுக்கு அது பொறி. கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் ஓடிக் கடக்கப் போதிய பாலங்களும் நேரான வழிகளும் வேண்டும். நீர்வழியை அமைப்பவர் நீரை மட்டும் கணக்கிட்டால் போதாது. அதைக் கடக்க வேண்டிய கால்களையும் கணக்கிட வேண்டும். இச்சுற்றுலாவில் நான் பெற்ற பாடங்களுள் தலையாயது இதுவே.

கால்வாய் ஏன் வீழ்ந்தது?

காரணம் ஒன்றன்று. முதலாவது, திட்டம் முழுமையடையவில்லை. பாதி வழி போகும் பாதையில் பயணியும் பாதியே. இரண்டாவது, சாலை வந்தது. 1938இல் திருவிதாங்கூர் அரசே திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே பேருந்து விடத் தொடங்கிற்று. 1979இல் அதே தடத்தில் இரயிலும் வந்தது. தோணிக்காகக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. மூன்றாவது, 1956இல் மாநில எல்லை மாறியபோது பூவாறு கேரளத்தில் நின்றது; இரையுமன்துறை தமிழகத்துக்கு வந்தது. ஒரு கால்வாய்க்கு இரண்டு வீட்டார் உரிமையாளர் ஆயினர். பொதுக் கிணற்றைத் தூர்வார யார் முன்வருவார் என்பது நாம் அறிந்ததே. நான்காவது, ஓட்டம் நின்ற நீரில் மணலும் குப்பையும் கழிவும் சேர்ந்தன, ஆக்கிரமிப்பும் வளர்ந்தது. இன்று சில இடங்களில் நீர் தெரிகிறது. சில இடங்களில் செடிகள் மூடிய பள்ளம் மட்டும் தெரிகிறது.

2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டம் நாட்டில் 111 நீர்வழிகளை அறிவித்தது. அவற்றுள் பதின்மூன்றாவது, பூவாறு முதல் இரையுமன்துறை வரையிலான 11 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய்ப் பகுதி. சட்டத்தில் இடம் கிடைத்தது மகிழ்ச்சியே. ஆனால் சட்டப்புத்தகத்தில் தோணி மிதக்காது. மிதக்க வேண்டுமானால் முதலில் கழிவுநீர் விழுவது நிற்க வேண்டும். தூர் அகல வேண்டும். கரையோர மக்களுக்குப் பாலங்கள் வேண்டும். சரக்குத் தோணி திரும்பாமற்போனாலும், தூய நீர் திரும்பினால் கரையிலுள்ள கிணறுகளும் பிள்ளைகளின் உடல்நலமும் தேறும். சுற்றுலாப் படகு அதற்குப் பின் வரட்டும்.

முடிவுரை

தேங்காய்ப்பட்டணம் சிறிய ஊர். அதன் கால்வாயும் சூயஸைப்போல் உலகப் புகழ் பெற்றதன்று. ஆயினும் ஒரு நாட்டின் வணிகம், அரசியல், கல்வி, சமயம், இலக்கியம், பொறியியல் ஆகிய அனைத்தும் அந்த ஒரு நீர்க்கோட்டில் கூடி நிற்பதைக் கண்டேன். பெரிய நகரங்களின் வரலாற்றைப் பலர் எழுதிவிட்டனர். சிறிய துறைகளின் வரலாறும் சிறிய ஓடைகளின் வரலாறும் நம்போன்ற மாணவர்களுக்காகக் காத்திருக்கின்றன.

நம் வட்டாரத்திலும் தூர்ந்த ஓடைகள் உண்டு. மேடாகிப்போன வரத்துக்கால்கள் உண்டு. பெயர் மறந்த கண்மாய்கள் உண்டு. அவற்றின் பெயரைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் ஒரு குறிப்பேட்டோடு செல்லுங்கள். எந்த ஓடை எங்கே பிறந்து எந்தக் குளத்தில் விழுந்தது, யார் வெட்டினார், எப்போது நின்றது என்று கேட்டு எழுதுங்கள். பத்து மாணவர் எழுதினால் அதுவே ஒரு வட்டார நீர்நிலை வரலாறாகும். நீரின் வழியை அறிந்து வைத்திருக்கும் ஊரே, வறட்சி வந்தாலும் வெள்ளம் வந்தாலும் தன் மக்களைக் காக்கும்.